ரெக்ஸம்: யேல் கல்லறைக்கு அப்பால் யார் யார்?

வாசகர் கேள்வி | 31 ஆகஸ்ட் 2024

அக்டோபர் கடைசியில் லிவர்பூல் வருகிறேன். ஒரு நாள் வடக்கு வேல்ஸில் ரெக்ஸம் போகலாம் என்று எண்ணம். கால்பந்து மைதானம் ஒன்று, நம் மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேலின் கல்லறை ஒன்று. இரண்டையும் பார்த்தால் ஊர் முடிந்தது, மதியமே செஸ்டருக்கு ரயில் ஏறிவிடலாம் என்கிறார்கள். சரிதானா?

31 ஆகஸ்ட், இரவு

சரியில்லை.

இந்த ஊரில் ஆறு வருடமாக இருக்கிறேன், ஆய்வுக்கூட வேலை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1877-இல் வேல்ஸ் அணி தன் மண்ணில் ஆடிய முதல் சர்வதேச ஆட்டம், ஸ்காட்லாந்துக்கு எதிராக, இந்த ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் நடந்தது. இன்றும் அங்கே ஆட்டம் நடக்கிறது. கிளப் 1864-இல் தொடங்கியது. 2021-இல் இரண்டு நடிகர்கள் அதை வாங்கிய பிறகு உலகத்துக்கே ஊர் பெயர் தெரிந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் இந்தச் சின்ன ஊரின் மண்ணுக்குள்ளும் சுவர்களிலும் இருக்கிற ஆட்களைப் பார்க்காமல் மதியம் ரயில் ஏறினால் எனக்கு வருத்தமாக இருக்கும். நேரம் கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொருவராக எழுதுகிறேன்.

1 செப்டம்பர்

நேற்று ‘சின்ன ஊர்’ என்று எழுதிவிட்டேன். 2022-இல் ராணி இரண்டாம் எலிசபெத்தின் பிளாட்டினம் விழா ஆண்டில் ரெக்ஸமுக்கு மாநகர அந்தஸ்து கிடைத்தது. இருந்தாலும் இங்கே பேருந்தில் வரும் பாட்டிகள் ‘டவுனுக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் ஊர் என்றே எழுதுவேன்.

3 செப்டம்பர்

முதலில் யேல். அவரைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

சர்ச் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில் கருப்பு இரும்பு வாசல் ஒன்று இருக்கும். இலையும் கொடியும் சுருளுமாக இரும்பை வளைத்திருப்பார்கள். கல்லறைக்கு ஓடாமல் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்து பெர்ஷமைச் சேர்ந்த ராபர்ட் டேவிஸ் என்ற கொல்லர் 1720 வாக்கில் செய்தது. சர்க் கோட்டையின் பெரிய வாசலும் அவரும் அவர் அண்ணன் தம்பிகளும் நடத்திய பட்டறையில் உருவானதுதான். கொல்லர்களின் பெயர் தெரிந்திருப்பதே பெரிய விஷயம்.

உள்ளே புனித கைல்ஸ் தேவாலயம். சதுரக் கோபுரம், சுமார் 135 அடி. ‘வேல்ஸின் ஏழு அதிசயங்கள்’ என்று ஒரு பழைய பாட்டு உண்டு, அதில் இந்தக் கோபுரமும் சேர்த்தி. கோபுரத்துக்கு மேற்கே யேலின் கல்லறை. 1649-இல் அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் இந்தப் பக்கத்து இயால் பகுதியில். பெயரே அதிலிருந்து வந்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து 1687-இல் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் ஆனார். 1692-இல் பதவி போயிற்று. 1721-இல் லண்டனில் இறந்து இங்கே அடக்கம்.

கல்லில் ஒரு பாட்டு வெட்டியிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்தேன், ஐரோப்பாவில் வளர்ந்தேன், ஆப்பிரிக்காவில் பயணம் போனேன், ஆசியாவில் மணம் முடித்தேன் என்று போகும். அப்புறம் ஒரு வரி: நிறைய நல்லதும் கொஞ்சம் கெட்டதும் செய்தான், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்புவோம். முதல் தடவை அதைப் படித்தபோது, பரவாயில்லை, மனிதர் கல்லறையிலாவது ஒப்புக்கொள்கிறாரே என்று நினைத்தேன். போட்டோ எடுத்து திருச்சியில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். நம்ம மெட்ராஸ் கவர்னர் என்று பெருமையாக.

4 செப்டம்பர்

நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: கொஞ்சம் கெட்டது என்றால் எவ்வளவு?

நியாயமான கேள்வி. அந்தப் பெருமை இப்போது எனக்கு இல்லை. 1680-களில் மெட்ராஸ் கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். செயிண்ட் ஹெலினா தீவுக்குப் போன கப்பல்களில் நம் ஊர் ஆட்களும் இருந்தார்கள். அந்த முடிவுகளை எடுத்த கோட்டை ஆலோசனைச் சபையில் யேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஓவியம் ஒன்று அமெரிக்காவில் அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஓரத்தில் கழுத்தில் உலோகப் பட்டையோடு ஒரு கறுப்புச் சிறுவன் நிற்கிறான். அதைப் பார்த்த பிறகு ‘சரிக்குச் சரி’ என்ற வரியை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்த கதை தெரிந்திருக்கும். 1718-இல் யேல் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகம், ராஜா முதலாம் ஜார்ஜின் படம். சரக்கை விற்று 562 பவுண்டு கிடைத்தது. கிழக்கிந்திய வியாபாரத்துத் துணிதான் பெரும்பகுதி. அதை நெய்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது.

இன்னொன்று. 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது யேல் காலத்தில்தான். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற எல்லை வரைக்கும் எங்களுக்கு என்று ஒப்பந்தம். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று சொல்வார்கள். கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள். வேல்ஸின் காவல் புனிதர் அவர். யேலின் மகன் பெயரும் டேவிட். குழந்தையாகவே மெட்ராஸில் இறந்துபோனான். அவன் கல்லறை இன்றும் சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், அவன் அம்மாவின் முதல் கணவருடைய கல்லறையோடு இருக்கிறது. அப்பா ரெக்ஸமில், பிள்ளை பாரிமுனையில். யேல் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் குழந்தையை நினைத்தால் மனசு கனக்கிறது.

8 செப்டம்பர்

இன்று எர்திக் போய்விட்டு வந்தேன். ஊரிலிருந்து தெற்கே இரண்டு மைல், நடந்தே போகலாம். இது ஏழாவது தடவையோ எட்டாவதோ.

எர்திக் ஒரு ஜமீன் மாளிகை. ஜோஷுவா எடிஸ்பரி என்பவர் 1680-களில் கட்ட ஆரம்பித்துக் கடனில் மூழ்கிப்போனார். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? யேல். அவர் குடும்பத்தின் பிளாஸ் குரோனோ வீடு எர்திக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடிஸ்பரி இங்கிருந்து பீர் அனுப்புவார், யேல் மெட்ராஸிலிருந்து நன்றி சொல்லிக் கடிதமும் பரிசும் அனுப்புவார். அப்படி வந்த ஒரு அரக்குத் திரை மாளிகையில் இப்போதும் இருக்கிறது. கோரமண்டல் திரை என்று அதற்குப் பெயர். நம் சோழமண்டலம்தான். ரெக்ஸமில் ஒரு படுக்கையறையில் சோழமண்டலம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் கைவினைஞர்கள் செய்த பொருள் இவ்வளவு தூரம் வந்து முந்நூறு வருடத்துக்கு மேல் நிற்கிறதே!

ஆனால் எர்திக்குக்குப் போகச் சொல்வது அதற்காக இல்லை. கீழ்த்தள வேலைக்காரர் கூடத்துக்காக. நாளைக்கு எழுதுகிறேன், கால் வலிக்கிறது.

9 செப்டம்பர்

திருத்தம். கோரமண்டல் திரை நம் ஊரில் செய்ததில்லை. செய்தது சீனாவில். அங்கிருந்து கப்பலில் வந்து நம் கரைத் துறைமுகங்களில் இறங்கி, அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனதால் இடைத்தங்கலின் பெயர் ஒட்டிக்கொண்டது. சிலிர்ப்பில் அவசரப்பட்டுவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. உங்கள் ஊர் சந்தையில் விற்றால் சிம்லா ஆப்பிளும் உங்கள் ஊர் ஆப்பிளா என்று அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

சரி, வேலைக்காரர் கூடம்.

பெரிய வீடுகளில் யார் படம் மாட்டியிருக்கும்? எசமான், எசமானியின் பாட்டி, ஒரு குதிரை. வேலைக்காரர்களுக்குப் படம் எழுதிவைத்த வீடு எங்கே இருக்கிறது? எர்திக்கில் இருக்கிறது. பிலிப் யார்க் என்ற எசமான் 1790-களில் டென்பியைச் சேர்ந்த ஓவியர் ஒருவரைக் கூப்பிட்டுத் தச்சர், கொல்லர், காவல்காரர், சமையலறை ஆள் எல்லோரையும் எண்ணெய் ஓவியமாக எழுதவைத்தார். ஒவ்வொரு படத்திலும் தானே ஒரு பாட்டும் எழுதிச் சேர்த்தார். பாட்டு என்னவோ சுமார்தான். ஆனால் ஆள் யார், என்ன வேலை, என்ன வயசு, என்ன குணம் என்பது அதில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தவர் ஜேன் எப்ரல். 1793-இல் படம் எழுதியபோது வயது 87. அவர் வேலை ஒட்டடை அடிப்பது. பாட்டிலேயே அப்படித்தான் வருகிறது. எசமானுக்கு ஒட்டடைக்காரியாக இருந்து கிட்டத்தட்ட எழுபது வருடம் ஆகிறது, எங்கள் எல்லோருக்கும் அம்மா இவள் என்று. கையில் துடைப்பத்தோடு நேராக நம்மைப் பார்க்கிறார். என் அப்பத்தா பொங்கலுக்கு முன்னால் ஒட்டடைக் கோலோடு நிற்கும் நிலைதான். ஒட்டடைக்காரிக்கு எண்ணெய் ஓவியம்! முதல் தடவை அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அருங்காட்சியகப் பெண்மணி வந்து நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்.

10 செப்டம்பர்

நேற்று ஒரு படத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான். அதை ஜேன் எப்ரலோடு சேர்த்து எழுத மனசு வரவில்லை.

அதே கூடத்தில் ஒரு கறுப்பு இளைஞனின் படம் இருக்கிறது. கையில் கொம்பு வாத்தியம், வண்டிப் பையன் வேலை. பிலிப் யார்க்குக்கு இரண்டு தலைமுறை முன்னால், ஜான் மெல்லர் என்ற லண்டன் வக்கீல் எடிஸ்பரியின் கடனைத் தீர்த்து மாளிகையை வாங்கியிருந்த காலத்தவன். படத்தில் யார்க் எழுதிச் சேர்த்த பாட்டு சொல்வது இவ்வளவுதான்: இந்தக் கறுப்பனின் நிலை பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம்; ஆனாலும் இங்கே குடியிருந்தான், மெல்லர் எசமானுக்குக் கொம்பு ஊதினான்.

பாட்டில் பெயர் இல்லை. தச்சனுக்குப் பெயர் உண்டு, ஒட்டடைக்காரிக்குப் பெயர் உண்டு. இவனுக்கு மட்டும் கொம்பு.

யேலின் ஓவியத்தில் கழுத்துப் பட்டையோடு நின்ற சிறுவனை 4-ஆம் தேதி சொன்னேன் இல்லையா. இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இரண்டு மைல் இடைவெளியில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கதை இது. ஊரைப் பற்றி எழுத ஆரம்பித்ததே இந்தப் பையனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

14 செப்டம்பர்

இனி என் ஊர்க்கதை. திருச்சிக்காரர்கள் கவனிக்கவும்.

பிஷப் ஹீபர் கல்லூரியில் மூன்று வருடம் வேதியியல் படித்தேன். அந்த ஹீபர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் என்பதோடு சரி. இங்கே வந்து இரண்டாவது வருடம்தான் தெரிந்தது, ரெஜினால்ட் ஹீபரின் மிகப் பிரபலமான ஞானப்பாட்டு பிறந்தது ரெக்ஸமில், பழைய பாதிரியார் வீட்டில், 1819-இல். புனித கைல்ஸ் தேவாலயத்தின் பொறுப்புப் பாதிரியாரான டீன் ஷிப்லி அவர் மாமனார். மறுநாள் வழிபாட்டில் மிஷன் பணிக்குக் காணிக்கை திரட்ட வேண்டும், பாட ஒரு பாட்டு வேண்டும். மாப்பிள்ளை, நீங்கள் ஒன்று எழுதுங்களேன் என்றார் மாமனார். ஹீபர் அறையின் இன்னொரு மூலைக்குப் போய் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் எழுதிக்கொண்டு வந்தாராம். மறுநாள் புனித கைல்ஸில் பாடிவிட்டார்கள். கிரீன்லாந்தின் பனிமலையில் தொடங்கி இந்தியாவின் பவளக் கரைக்கு வரும் அந்தப் பாட்டு, பிறகு உலகம் முழுக்கப் போனது.

அப்போது ஹீபருக்கு வயது 36. இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. 1823-இல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். 1826 மார்ச்சில் தஞ்சாவூரில் ஈஸ்டர், சரபோஜி மன்னரோடு சந்திப்பு. அங்கிருந்து திருச்சி. ஏப்ரல் 3 காலையில் கோட்டைத் தேவாலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு, வெயில் தாங்காமல் குளிர்ந்த நீர்த்தொட்டியில் குளிக்க இறங்கியவர் அங்கேயே இறந்துபோனார். திருச்சி புனித யோவான் தேவாலயத்தில் அடக்கம்.

ஆக, ஒருவர் மெட்ராஸில் சம்பாதித்து ரெக்ஸமில் கிடக்கிறார். இன்னொருவர் ரெக்ஸமில் பாட்டு எழுதித் திருச்சியில் கிடக்கிறார். இரண்டு பேரும் இதே தேவாலயம். வெளியே கல்லறை, உள்ளே பாட்டு. கல்லூரியில் படித்தபோது தெரியாத ஆளை ஐயாயிரம் மைல் தள்ளி வந்து தெரிந்துகொண்டேன்.

15 செப்டம்பர்

இலங்கை வாசகர் ஒருவர் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டின் இரண்டாவது சரணத்தை ஏன் மறைத்தீர்கள் என்று. மறைக்கவில்லை, நேற்றே நீண்டுவிட்டது. ஆனால் அவர் கேட்டது சரி.

அந்தச் சரணத்தில் இலங்கை வருகிறது. வாசனைக் காற்று வீசும் தீவு, காணும் காட்சி எல்லாம் இன்பம், மனிதன் மட்டும்தான் இழிந்தவன் என்று. பார்க்காத தீவின் மனிதர்களைப் பற்றி ரெக்ஸம் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதிய வரி. பிந்தைய வடிவம் ஒன்றில் இலங்கையை எடுத்துவிட்டு ஜாவா என்று போட்டார். மனிதன் மட்டும் மாறவில்லை. காந்திக்கும் இந்த வரி உறுத்தியது. மிஷனரிகள் முன்னிலையிலேயே அதைச் சொன்னார்.

ஹீபர் தமிழ்நாட்டில் பழகிய விதம் பற்றிப் படித்தால் அன்பான மனிதராகத்தான் தெரிகிறார். பார்க்காமல் எழுதியது அந்த வரி. பார்த்த பிறகு எழுதியிருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதை என் கல்லூரிப் பாசம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டாலும் சரி.

22 செப்டம்பர்

இன்று கிரெஸ்ஃபோர்ட் சுரங்க விபத்து நடந்து 90 ஆண்டுகள்.

விடியற்காலை 1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை, மணி 2-ஐத் தாண்டி எட்டு நிமிடம். ஊருக்கு வடக்கே கிரெஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் டென்னிஸ் பகுதி என்ற இடத்தில் வெடித்தது. அப்புறம் தீ. மொத்தம் 266 பேர் இறந்தார்கள். அன்று மதியம் ரேஸ்கோர்ஸில் டிரான்மியர் அணியோடு ஆட்டம். அதைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஷிப்டை மாற்றிக்கொண்டும் சேர்த்துப் பார்த்தும் இரவில் இறங்கியவர்கள் பலர். கால்பந்து மைதானம் பார்க்கப் போகிறேன் என்றீர்களே, அதனால் சொல்கிறேன். அந்த மைதானத்துக்கு வராமல்போன ஆட்கள் இவர்கள்.

லே மெயின் சுரங்கத்திலிருந்து மீட்புக்கு வந்தவர்களில் மூன்று பேர் உள்ளே இறந்தார்கள். தீ அடங்காததால் ஞாயிறு மாலை சுரங்கவாயை மூட முடிவு செய்தார்கள். உள்ளே ஆட்கள் இருக்க, மேலே மூடினார்கள். செவ்வாய்க்கிழமை அந்த மூடியே இன்னொரு வெடிப்பில் பிய்ந்து பறந்து, மேலே வேலை பார்த்த ஒருவரும் இறந்தார். 8 உடல்களைத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. மற்றவர்கள் இன்றும் கீழேதான் இருக்கிறார்கள்.

இறந்தவர்களின் குடும்பத்துக்கு அந்த வாரச் சம்பளம் வந்தபோது, முடிக்காத ஷிப்டுக்கான தொகையைப் பிடித்திருந்தார்கள். இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறவில்லை. விசாரணையில் தொழிலாளர் பக்கம் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் வாதாடினார். ஆமாம், 1942-இல் இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ். காற்றோட்ட அளவுப் பதிவுகளைப் பொய்யாக எழுதிவைத்தது அங்கே வெளிவந்தது. கடைசியில் மேலாளருக்குச் சிறு அபராதம், அவ்வளவோடு முடிந்தது.

சுரங்கம் 1973-இல் மூடப்பட்டது. சுரங்கவாயில் சுழன்ற சக்கரம் ஒன்றை 1982-இல் நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் கைத்தடியோடு ஒரு தாத்தா. அவருடைய அப்பாவின் அண்ணன் கீழே இருக்கிறாராம். ‘இருக்கிறார்’ என்றுதான் சொன்னார், ‘இறந்தார்’ என்று சொல்லவில்லை.

23 செப்டம்பர்

எண்ணில் பிழை. சுரங்கத் தொழிலாளர் 8 பேர், மீட்புக்குப் போன மூவர், ஆக மொத்தம் 11 உடல்கள் மேலே வந்தன. நேற்று மூவரைச் சேர்க்க மறந்துவிட்டேன். இந்த எண்ணில் தப்பு செய்யக்கூடாது, மன்னிக்கவும்.

29 செப்டம்பர்

கொஞ்சம் இலகுவாக ஏதாவது எழுதுங்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, இரும்புப் பைத்தியம் ஜான் வில்கின்சன்.

இது அவருக்கு அவர் காலத்திலேயே வைத்த பட்டப்பெயர். பெர்ஷமில் கிளைவெடாக் ஆற்றங்கரையில் இரும்பு உலை வைத்திருந்தார். பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் குடைய 1774-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தச் சமயத்தில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தார். உருளை வட்டமாக இல்லாததால் ஆவி கசிந்தது. பீரங்கி குடைந்த கையே உருளையும் குடைந்தது. 50 அங்குல விட்டத்தில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுக்குக்கூடப் பிசகு இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் எழுதினார். அதன் பிறகுதான் இயந்திரம் இயந்திரமாக வேலை செய்தது.

தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சொந்தமாகக் காசு அடித்தார். ராஜா தலை இருக்க வேண்டிய இடத்தில் தன் தலையைப் போட்டுக்கொண்டார். தனக்கு இரும்புச் சவப்பெட்டியும் செய்துவைத்துக்கொண்டார். சொந்த ஊர்ப்பக்கம் புதைத்த பிறகும் அந்தப் பெட்டியை இடம் மாற்றி மாற்றிப் புதைத்தார்கள். பெர்ஷமில் இப்போது ஆறும் மரமும் பழைய கட்டடங்களும் மட்டும்தான். பிக்னிக் போக நல்ல இடம், புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.

பீர் பிரியர்களுக்கு: ரெக்ஸம் லாகர் 1882-இல் மான்செஸ்டரிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் தொடங்கியது. பிரிட்டனில் லாகர் காய்ச்சிய முதல் ஆட்களில் இவர்கள் உண்டு.

6 அக்டோபர்

ஒரு வாத்தியார். ரிச்சர்ட் க்வின். வெல்ஷில் பாட்டு எழுதியவர், பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். முதலாம் எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கர் என்பதால் நாலு வருடம் சிறை. விலங்கு மாட்டித் தேவாலயத்துக்குத் தூக்கிப்போனால், பிரசங்கம் யாருக்கும் கேட்காதபடி விலங்கைக் குலுக்கிக்கொண்டே இருப்பார். தேவாலயத்துக்கு வராத குற்றத்துக்கு 280 பவுண்டு அபராதம், விலங்கைக் குலுக்கியதற்கு இன்னொரு 140. எப்படிக் கட்டுவாய் என்று நீதிபதி கேட்டார். கையில் ஏதோ இருக்கிறது என்றார். எவ்வளவு? ஆறு பென்ஸ்.

தொழுமரத்தில் மாட்டியிருந்தபோது மூக்கு சிவந்த பாதிரியார் ஒருவர் வந்து, பேதுருவுக்குக் கொடுத்த அதே சாவி என் கையிலும் இருக்கிறது என்று வாதம் செய்தாராம். ஒரு வித்தியாசம், பேதுரு வாங்கியது பரலோகத்தின் சாவி, உங்கள் கையில் இருப்பது பீர் அறையின் சாவி என்றார் க்வின்.

1584 அக்டோபரில் ரெக்ஸம் மாட்டுச் சந்தையில் தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள். 1970-இல் புனிதர் பட்டம். ரீஜன்ட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கத்தோலிக்கப் பேராலயத்தில் அவருடைய எலும்பு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் கேட்டார்: இவ்வளவு பேரும் ஏன் எங்கள் காதில் விழவில்லை? வெல்ஷ்காரர்கள் காதில் விழுந்திருக்கிறது. நாம் யேலோடு நின்றுவிட்டோம்.

13 அக்டோபர்

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்கிறீர்கள். முக்கால்வாசிக்கு மூலம் ஒரே ஆள்: ஆல்ஃபிரட் நியோபார்ட் பாமர். இவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பாமர் வெல்ஷ்காரர் இல்லை. 1847-இல் கிழக்கு இங்கிலாந்தில் தெட்ஃபோர்டில் பிறந்தவர். 1880-இல் ஒரு பானத் தொழிற்சாலையில் வேதியியல் பகுப்பாய்வாளர் வேலைக்காக ரெக்ஸம் வந்தார். பகலில் சோதனைக் குழாய். மிச்ச நேரமெல்லாம் பழைய பத்திரம், தேவாலயப் பதிவேடு, வரி ரசீது, வயல்களின் பெயர். வெல்ஷ் மொழியைக் கற்றுக்கொண்டார், அது இல்லாமல் இந்த மண்ணின் பெயர்கள் புரியாது என்பதால். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்த வருடம் யார் குடியிருந்தார், என்ன தொழில் என்று வீடு வீடாக எழுதிவைத்தார். ஊர் வரலாறு பல தொகுதிகளாக வந்தது. 1915-இல் இறந்தார். ஊரின் ஆவணக் காப்பகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பிழைக்க வந்த வேதியியல்காரர். நானும் அதே. வந்த முதல் குளிர்காலத்தில் நாலு மணிக்கு இருட்டிவிடும், யாரையும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை போக இடம் கிடையாது. நூலகத்தில் வெப்பமாக இருக்கும் என்று போய் உட்கார்ந்தேன். அங்கே கையில் கிடைத்தது அவர் எழுதியதுதான். நான் தினமும் பேருந்து ஏறும் தெருவில் முந்நூறு வருடத்துக்கு முன்னால் தோல் பதனிட்டவர், கையுறை தைத்தவர், சத்திரம் நடத்திய விதவை எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். மறுநாள் அதே தெருவில் நடந்தபோது தெரிந்தவர்கள் வீட்டைத் தாண்டுவது மாதிரி இருந்தது.

கையுறைக்காரரின் பெயரை நூலகத்திலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது. இன்னும் பர்ஸில் இருக்கிறது.

14 அக்டோபர்

ஒரு சேர்க்கை. செப்டம்பர் 3-ஆம் தேதி ‘கொல்லர்களின் பெயர் தெரிந்திருப்பதே பெரிய விஷயம்’ என்று எழுதினேன். பெயர் தெரிந்தது யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் புத்தகங்களைப் புரட்டியதால்தான். பிலிப் யார்க்கையும் இந்தக் கண்ணோடு பார்க்கிறேன் இப்போது. சுமாரான பாட்டு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த நாலு வரி இல்லாவிட்டால் வண்டிப் பையன் மெல்லரிடம் கொம்பு ஊதினான் என்பதுகூட நமக்கு இல்லை.

20 அக்டோபர்

கேள்வி கேட்டவர் அடுத்த வாரம் வருகிறார். உங்களுக்கு என் யோசனை.

காலையில் ரயிலிலிருந்து இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிடுங்கள். ரீஜன்ட் ஸ்ட்ரீட் வழியாக ஊருக்குள் நடந்தால் வாத்தியாரின் பேராலயம் வரும். அப்புறம் டேவிஸின் இரும்பு வாசல், யேல், ஹீபரின் பாட்டைப் பாடிய தேவாலயம். அங்கிருந்து எர்திக்குக்கு நடை. ஷூ நல்லதாக இருக்கட்டும், அக்டோபரில் அந்தப் பாதை சேறு. மாளிகை அன்று திறந்திருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மாடி அறைகளை வேகமாகப் பார்த்துவிட்டுக் கீழே வந்துவிடுங்கள். கிரெஸ்ஃபோர்டுக்குப் பேருந்து உண்டு. வெளிச்சம் போவதற்குள் போக வேண்டும். அங்குள்ள தேவாலயத்தில் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகம் இருக்கிறது. செஸ்டர் ரயிலை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை என்றால் எனக்கு விடுமுறை. எர்திக் வரைக்கும் கூட வருகிறேன். ஜேன் எப்ரலைப் பார்த்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.